பாலைத் தடங்களுக்கான டயரும் கருவிகளும்: மூன்று பருவம் ஓட்டிய பிறகு

பாலைவனத் தடங்களுக்கென்று வண்டியைத் தயார்செய்பவர்களில் பெரும்பாலோர் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளை, பார்த்துத்தான் டயர் வாங்குகிறார்கள். பட்டன் கட்டை கட்டையாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அந்த எண்ணத்தில் வாங்கிய முதல் செட்டை ஒரே பருவத்தில் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வேறொரு செட்டில் இரண்டு பருவம் ஓட்டியாயிற்று. டயரோடு சேர்த்து வாங்கிய கம்ப்ரசர், காற்று இறக்கும் கருவி, மணற்பலகை, இழுகயிறு, ஜாக்கி, பஞ்சர் கிட் ஆகியவற்றில் எது உழைத்தது, எது வண்டியில் இடத்தை மட்டும் அடைத்தது என்பதையே இங்கே எழுதுகிறேன். வண்டி லேடர் சேசிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்) கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டி; லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்), பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் உண்டு; தண்ணீர், எரிபொருள், சாமான், இரண்டு ஆட்கள் எல்லாம் ஏறினால் எடை 2,400 கிலோவைத் தொடும்.

முதலில் போட்டது மட்-டெரெய்ன் வகை. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, ஏனெனில் குறை அந்தக் கம்பெனியினுடையது அல்ல. சேற்றுக்கென்று செய்த டயரை மணலில் ஓட்டிய என்னுடையது. சேற்றில் அகன்ற இடைவெளிகளுக்குள் சேறு புகுந்து, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே எறியப்பட்டு, அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பட்டன் பிடித்துக்கொள்ளும். மணலுக்கு அப்படி ஓர் அடித்தரை கிடையாது. தோண்டத் தோண்ட மணல்தான். ஒரு மணல்மேட்டில் பாதி ஏறியபோது வேகம் குறைந்ததும் பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். நான்கு பட்டன் வரிசைகளும் நான்கு மண்வெட்டிகளாக வேலை செய்து, நான் காலை எடுப்பதற்குள் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. தார்ச்சாலையில் அதே டயர் எழுப்பும் ரீங்காரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூர்மையான கற்கள் நிறைந்த தடங்களில் மட்டும் அது நன்றாகவே நடந்துகொண்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாகப் போட்டது பிஎஃப் குட்ரிச் ஆல்-டெரெய்ன் கேஓ2, 265/70 ஆர் 17 அளவு. இந்த ஆல்-டெரெய்ன் வரிசை 1976-இல் தொடங்கியது. கேஓ2 என்ற வடிவம் 2014-இல் வந்தது. நான் இதைத் தேர்ந்ததற்குப் பட்டன் காரணமல்ல. பாலைத் தடங்களில் டயர் சாவது பெரும்பாலும் பக்கச்சுவரில்தான்; இதன் பக்கச்சுவர் மூன்று அடுக்கு இழைகளால் ஆனது, பட்டனின் ரப்பரும் தோள்பட்டையைத் தாண்டிச் சற்றுக் கீழே இறங்கி வருகிறது. நடுவிலுள்ள பட்டன் ஒன்றுக்கொன்று கொக்கி போட்டதுபோல் நெருக்கமாக அமைந்திருப்பதால் மணலைத் தோண்டாமல் மிதித்துப் போகிறது. முற்றிலும் மணலிலேயே ஓடுபவருக்கு இதைவிட வழவழப்பான, நீளவாட்டில் கோடுகள் மட்டும் ஓடும் மணல் டயர் இன்னும் பொருந்தும். ஆனால் ஒரே நாளில் தார், சரளை, கற்படுகை, மணல் என நான்கையும் கடக்கிறவருக்கு ஆல்-டெரெய்னே சரியான இடைவழி.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும், அதாவது 185 மி.மீ.; ஆர் என்பது ரேடியல்; 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 121 என்ற எண், டயர் முழு அழுத்தத்தில் 1,450 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது; எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்துக்கான அனுமதி. மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த ஒரு முத்திரையும் என் டயரில் இருக்கிறது. 45 டிகிரி வெயிலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

இவற்றில் பாலைக்காரர் அதிகம் யோசிக்க வேண்டியது பக்கச்சுவரின் உயரத்தைத்தான். இதே 265 அகலத்தில், 20 அங்குல ரிம்மில் 50 சதவீத டயரைப் போட்டால் பக்கச்சுவர் 132 மி.மீ.தான் மிஞ்சும். பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம், ஆனால் காற்றை இறக்கினால் மடங்கிக்கொடுக்க ரப்பரே இருக்காது, ஒரு கல்லில் மோதினால் அடி நேராக ரிம்மில் இறங்கும். பிரேக்கின் அமைப்பு இடம்கொடுக்கும் மிகச் சிறிய ரிம்மைத் தேர்வதே பாலைக்குப் பொருத்தம். வண்டியோடு வந்த பெரிய ரிம்மைக் கழற்றி வைக்க மனம் வராதது எனக்கும் புரிகிறது. இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

ஒரே அளவு டயரிலும் சி, டி, இ என்று சுமைத் தரம் மாறும். பழைய கணக்கில் இவை முறையே 6, 8, 10 பிளைக்கு (இழை அடுக்குக்கு) சமம். என்னுடையது இ தரம். கற்படுகையில் அது தரும் தைரியம் பெரிது. ஆனால் அதன் முரட்டுத்தனத்துக்கு ஒரு விலை உண்டு: டயரின் எடை கூடுகிறது, காலி வண்டியில் இருக்கை குலுக்கி எடுக்கிறது, மணலில் வயிறு தள்ளி அகல்வதற்கு, சி தரத்துக்குத் தேவைப்படுவதைவிடவும் சில பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காற்றை இறக்க வேண்டியிருக்கிறது. வண்டி இலேசானது, தடம் பெரும்பாலும் மணல் என்றால் சி தரமே போதும். மறுமுறை வாங்கும்போது நான் அதையே வாங்கக்கூடும்.

உண்மையில் மேலே எழுதிய அனைத்தையும்விட முக்கியமானது டயருக்குள் இருக்கும் காற்று. 2,400 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்தின் மீது ஏறக்குறைய 600 கிலோ இறங்குகிறது. 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்தச் சுமையைத் தாங்கத் தோராயமாக 240 சதுர செ.மீ. பரப்பு தரையைத் தொட்டாக வேண்டும். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் கணக்கு அச்சுப்பிசகாமல் வராது, ஆனால் போக்கு இதுதான். டயர் அகலமாகிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அகலம் சிறிதளவே கூடுகிறது, நீளம்தான் பெருகுகிறது. முன்னும் பின்னும் நீண்ட அந்தத் தடம், டாங்கியின் சங்கிலிப் பட்டையைப்போல மணலைக் கலைக்காமல் அதன் மீது ஊர்ந்து போகிறது. முதல் செட் புதைந்த அதே மணல்மேட்டில் இரண்டாவது செட்டை 16 பிஎஸ்ஐக்கு இறக்கி ஏற்றியபோது, இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை வருடினாற்போல மிதித்ததற்கே வண்டி ஏறியது. நேர்மையாகச் சொன்னால், முதல் செட்டிலும் நான் காற்றை இன்னும் இறக்கியிருந்தால் புதைந்திருக்கமாட்டேனோ என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது. அன்று அது 26-இல் நின்றிருந்தது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் கடந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டும் அவருடைய கூட்டாளிகளும் டயரின் காற்றை இறக்கித்தான் மணற்குன்றுகளில் ஏறினார்கள். புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்க அவர்கள் பயன்படுத்திய இரும்புத் தகடுகள், முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்டவை. இன்றைய பிளாஸ்டிக் மணற்பலகையின் பாட்டன் அந்தத் தகடுதான்.

என் வண்டியில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகளைச் சொல்கிறேன். எடை மாறினால் இவையும் மாறும். தாரில் 35, சரளையிலும், குலுக்கி எடுக்கும் அலைத்தடங்களிலும் 26 முதல் 28, மணலில் 18, பொடிமணலில் 15, புதைந்துவிட்டால் வெளியேறும்வரை மட்டும் 12. பத்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மைவிட்டு நழுவிவிடும் ஆபத்து உண்டு. காற்று குறைந்த டயரில் வேகமும் குறைய வேண்டும்: 18-இல் மணிக்கு 40 கிலோமீட்டரை நான் தாண்டுவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும் பக்கச்சுவர் உள்ளுக்குள் சூடேறி, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் இழை பிரியத் தொடங்கும். அலைத்தடத்தில் காற்றைக் குறைப்பது டயரைவிட ஷாக் அப்சார்பருக்கே அதிக நன்மை செய்கிறது.

வெப்பநிலை செய்யும் விளையாட்டையும் கவனிக்க வேண்டும். பிற்பகலில் உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரி சூட்டில் இருக்கும்போது 14 பிஎஸ்ஐ வைத்துவிட்டுப் படுத்தால், பாலைவனத்தின் விடியற்காலைக் குளிரில், வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது, அதே டயர் பத்துக்குக் கீழே காட்டும். ஓட்டை எதுவும் இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதை அறியாமல் காலையில் முதல் திருப்பத்தை ஒடித்துத் திருப்பியவர்கள் ரிம்மிலிருந்து கழன்ற டயரோடு போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காற்றை இறக்குவது எளிது, மறுபடி ஏற்ற வழியில்லாதவர் இறக்கத் துணியமாட்டார். எனவே கம்ப்ரசரை நான் டயருக்குச் சமமான பொருளாகவே மதிக்கிறேன். முதலில் வாங்கியது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கையடக்கக் கருவி. அந்தத் துளையின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர்தான் தாங்கும், ஆகவே 12 வோல்ட்டில் 180 வாட்டுக்கு மேல் எந்தக் கருவியும் அதிலிருந்து எடுக்க முடியாது. முதல் இரண்டு சக்கரங்களை முனகிக்கொண்டே நிரப்பியது. மூன்றாவதில் 24-ஐத் தொட்டதும் சத்தம் மாறியது; சிலிண்டர் தலையில் கை வைக்க முடியவில்லை; பெயின்ட் கருகும் வாசனையோடு தானாக நின்றுவிட்டது. ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நண்பரும் நானும் வண்டியின் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டிருக்கலாம். இந்த அளவு டயருக்குள் ஏறக்குறைய 65 லிட்டர் கொள்ளளவு உண்டு. அதில் 20 பிஎஸ்ஐ ஏற்ற, வெளிக்காற்று சுமார் 90 லிட்டர் உள்ளே போக வேண்டும். நான்கு சக்கரத்துக்கு 360 லிட்டர். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவு, எதிரழுத்தமே இல்லாமல் வெறுங்காற்றில் எடுத்தது. டயரில் மாட்டினால் கணிசமாகக் குறையும். ஆகவே 35 லிட்டர் என்று அச்சிட்ட கருவி இந்த வண்டிக்கு விளையாட்டுச் சாமான். இப்போது வைத்திருப்பது 160 லிட்டர் தருவதாகச் சொல்லும், பேட்டரியில் நேராக இரு கவ்விகளால் மாட்டும் இரட்டைச் சிலிண்டர் கருவி. ஒரு சக்கரத்துக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கிறது. என்ஜினை ஓடவிட்டு இயக்க வேண்டும், இல்லையென்றால் காற்று நிறைந்து பேட்டரி காலியாகும். வாங்கும்போது லிட்டர் கணக்கோடு, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். காற்றை இழுக்கும் வாய்க்கு வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்; புழுதியை உறிஞ்சிய பிஸ்டன் நெடுநாள் தாங்காது.

காற்றை இறக்க, வால்வுக்குள்ளிருக்கும் ஊசியையே கழற்றி வெளியேற்றும் கருவி வைத்திருக்கிறேன். குச்சியால் வால்வை அழுத்திக்கொண்டு சக்கரத்துக்குச் சக்கரம் குந்தியிருக்கும் வேதனை அதனால் ஒழிந்தது. ஊசி மணலில் விழுந்தால் கிடைக்காது என்பதால் உதிரியாக ஆறு ஊசிகள் வைத்திருக்கிறேன். அளவுமானி தனியாக, 60 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டுவதாக வாங்குவது நல்லது. கம்ப்ரசரோடு வரும் 150 வரை காட்டும் மானியில், 14-க்கும் 17-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும்.

மணற்பலகைகளில் நான் பயன்படுத்துவது ஆஸ்திரேலியாவில் 2005-இல் உருவான மேக்ஸ்ட்ராக்ஸ். வெயிலில் வெளுக்கவில்லை, வண்டி ஏறி வளைந்தாலும் மறுபடி நிமிர்கிறது, பிடி வைத்த துளைகள் இருப்பதால் மணலுக்குள் புதைந்தாலும் உருவியெடுக்க முடிகிறது. ஆனால் எந்தப் பலகையும் தானாக வண்டியை மேலே கொண்டுவராது. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலையும் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மணலையும் முதலில் அள்ளிவிட்டு, பலகையின் நுனியை டயருக்கு அடியில் திணித்து, மெதுவாக ஏற வேண்டும். பதற்றத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டால் அந்த உராய்வுச் சூட்டில் பலகையின் பற்கள் உருகி வழவழவென்று ஆகிவிடும். என்னுடைய இரண்டில் ஒன்றின் ஒரு முனை அப்படித்தான் ஆயிற்று, அது என் பிழை. மடக்கு மண்வெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, நீளக் காம்புள்ள மண்வெட்டியை எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுக்கு நடுவிலிருக்கும் மணலை எட்ட வேறு வழியில்லை. அதோடு, புறப்படும் முன் டிராக்ஷன் கன்ட்ரோலை நிறுத்திவிடுங்கள், அது மணலில் சக்கரம் வழுக்குவதாக எண்ணி என்ஜினின் சக்தியைக் குறைத்து, ஏறிக்கொண்டிருக்கும் வண்டியை உட்காரவைத்துவிடும்.

இழுகயிற்றைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் குரல் மாறிவிடும். நான் வைத்திருப்பது 9 மீட்டர் நீள, 30 சதவீதம் வரை நீளக்கூடிய நைலான் கயிறு. அது நீண்டு சுருங்கும்போது சேர்த்துவைத்த விசையால் புதைந்த வண்டியைப் பிடுங்கியெடுக்கிறது, திடுக்கென்ற அடி சேசிஸில் இறங்குவதில்லை; பட்டையாக வரும் ஸ்னாட்ச் பெல்ட்டைவிட இது மிருதுவாக இழுக்கிறது. ஆனால் அதே விசை, மாட்டிய இடம் பிய்த்துக்கொண்டால் ஒரு பீரங்கிக் குண்டை எறிகிறது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் எக்காரணம் கொண்டும் இழுகயிற்றை மாட்டக் கூடாது. அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேசிஸோடு போல்ட் போட்ட, தாங்கும் எடை குறித்த கொக்கிகளில் மட்டுமே மாட்ட வேண்டும். கயிற்றின் முறிவு வலிமை, சாமானோடு சேர்ந்த வண்டி எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் வளையமான ஷாக்கிள் இரும்பு என்றால் 4.75 டன் என்று உடம்பிலேயே பொறித்ததை வாங்குங்கள், எண் பொறிக்காததைத் தொடாதீர்கள். நான் இப்போது கயிற்றாலான மென் ஷாக்கிளுக்கு மாறிவிட்டேன். முறிந்தாலும் அது எவர் தலையையும் பிளக்காது. இழுக்கும் நேரத்தில் கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது என்பதில் நண்பர்கள் என்னைக் கண்டிப்புக்காரன் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

வண்டியோடு வந்த பாட்டில் ஜாக்கியே போதும், ஆனால் அடியில் வைக்க ஓரடிச் சதுரத்துக்குக் கனமான ஒட்டுப்பலகை ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி மேலே எழும்பாது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும். ஆளுயர ஹை-லிஃப்ட் ஜாக்கியை ஒரு பருவம் சுமந்து, ஒருமுறைகூட எடுக்காமல் இறக்கி வைத்தேன்.

பஞ்சர் கிட்டில் ரப்பர் திரி, துளையைச் சுரண்டும் முறுக்கு ஊசி, திரியைச் செருகும் ஊசி, பசை ஆகியவை இருக்கும். கைப்பிடி டி வடிவத்தில், உலோகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து பிளை டயரில் பிளாஸ்டிக் பிடி கையோடு வந்துவிடும். கற்படுகை ஒன்றில், சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குப் பக்கச்சுவரில் ஒரு வெட்டு விழுந்தது. எச்சிலைத் தடவினால் குமிழி விட்டது. சுரண்டி, மூன்று திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, 30 பிஎஸ்ஐ அடித்து, தார்ச்சாலைவரை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தேன். பக்கச்சுவரில் திரி போடுவது தடத்திலிருந்து வெளியே வருவதற்கு மட்டும்தான். அந்த டயரை அதற்குப் பிறகு தாரில் ஓட்டக் கூடாது.

ஸ்நார்க்கெல் (என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்), கூரை விளக்கு வரிசை, கூரைத் தட்டு ஆகியவற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் மணற்குன்றின் பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. பெரிய டயர் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: என் டயரின் மொத்த விட்டமான 31.6 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் ஓடும். கியரும் அதே அளவுக்குச் சோம்பலாகும்.

பக்கச்சுவர் வெட்டுப்பட்ட அன்று ஸ்டெப்னியை மாட்டாமல் ஏன் ஊர்ந்து வந்தேன் என்று கேட்கலாம். கீழே தொங்கிக்கொண்டிருந்த அதை இறக்கிப் பார்த்தபோது, பட்டன் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் தயாரிப்பு முத்திரையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2314 என்றிருந்தன, அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒன்பது ஆண்டுப் புழுதியும் புகைக்குழாய்ச் சூடும் பட்டு, பக்கச்சுவர் முழுவதும் மயிரிழை வெடிப்புகள். அளவும் மற்ற நான்கோடு ஒத்துப்போகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அதே கேஓ2-இல் இரண்டு வாங்கினேன்: ஒன்று வெட்டுப்பட்டதற்குப் பதில், மற்றொன்று ஸ்டெப்னிக்கு. இப்போது ஐந்தையும் சுழற்சி முறையில் இடம் மாற்றிப் போடுவதால் ஸ்டெப்னியும் மற்றவற்றோடு சேர்ந்தே தேய்கிறது.